சிறுதேர் செய்யும் கை

மண்ணூர்ச் சாலையில் அதிகாலை ஐந்தரை மணிக்கே ஆலைப் பேருந்துகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். இரவு ஷிப்ட் முடித்து இறங்குவோரும் காலை ஷிப்டுக்கு ஏறுவோரும் ஒருவரையொருவர் கடந்து செல்வர். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு மற்றொரு பெரிய கார் ஆலையும், 2012-ஆம் ஆண்டு கனரக லாரி ஆலையும் செயற்படத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாகங்கள் செய்யும் சிறிய, நடுத்தர ஆலைகள் நிறைந்துள்ளன. எந்திரங்கள் எத்தனை வந்தாலும், தகட்டை எடுத்து வைப்பதும், திருகை முடுக்குவதும், பிழையைத் தடவிப் பார்ப்பதும் இன்றும் மனிதக் கைகளே.

அந்தக் கைகளுள் சில, காயமுற்று எங்களிடம் வருகின்றன. அறுவை மருத்துவர் எலும்பையும் தசைநாணையும் நரம்பையும் இணைத்துத் தந்த பிறகு தொடங்குவது எங்கள் பணி. உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் என்று அதற்குப் பெயர். அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுவாழ்வு பல மாதங்கள் நீளும். அந்த மாதங்களில் நோயாளியும் குடும்பத்தாரும் சலிப்படைவது இயல்பு. சென்ற ஆண்டு எங்கள் பிரிவில் அந்தச் சலிப்பைக் கலைத்தது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கார். அக்கதையை உரியவரின் இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து இங்கே எழுதுகிறோம்.

கைக்குட்டைக்குள் ஒரு கை

அவருக்கு வயது முப்பத்து நான்கு. பிரஸ் எந்திரத்தில் கார் உடற்பகுதித் தகடுகளை வார்த்தெடுக்கும் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். விபத்தில் வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுக்கணு வரை போய்விட்டன. மோதிர விரலின் தசைநாணும் நரம்பும் உள்ளங்கைப் பகுதியில் அறுந்து, அறுவைச் சிகிச்சையால் இணைக்கப்பட்டிருந்தன. கட்டைவிரல் தப்பியது. கையின் செயல்திறனில் ஏறத்தாழ 40 சதவீதம் கட்டைவிரலையே சார்ந்தது என்று மருத்துவ நூல்கள் கணக்கிடும். ஆகவே, மருத்துவக் கண்ணோட்டத்தில் இது நம்பிக்கை தரும் கை.

அவருக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களிடம் வரும்போதெல்லாம் அந்தக் கையைக் கைக்குட்டையால் மூடியே வருவார். நாங்கள் கேட்கும்போது மட்டும் அவிழ்ப்பார். பார்த்து முடித்த உடனே சுற்றிக்கொள்வார். வீட்டில் உணவு உண்ணும்போது சுவரைப் பார்த்து அமர்ந்து, இடக்கையால் கரண்டி பிடித்து உண்பதாக அவர் மனைவி தனியே சொன்னார். அக்காள் மகளின் காதணி விழாவுக்கும் அவர் போகவில்லை. பந்தியில் எந்தக் கையால் உண்பது என்பதே காரணம்.

பயிற்சிக்காக நாங்கள் கொடுத்தவை வழக்கமானவை: மென்களிமண் போன்ற பயிற்சிப் பசையைப் பிசைதல், கொண்டைக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துப் போடுதல், துணி கிளிப்பை அழுத்தித் திறத்தல். மருத்துவ ரீதியில் குறையொன்றும் இல்லாத பயிற்சிகள்தாம். எனினும் அவர் பத்து நிமிடங்களில் எழுந்துவிடுவார். “வேலை செஞ்ச கை சார் இது. கடலை பொறுக்கச் சொல்றீங்களே” என்று ஒரு நாள் வருத்தத்துடன் கூறினார். எங்களிடம் பதில் இல்லை.

எங்கள் பிரிவின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது செயல்வழிச் சிகிச்சையாளர், மறுநாள் தம் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் பிளாஸ்டிக் மாதிரி அது. உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. உதிரிபாகங்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, தேய்த்து, வண்ணம் பூசி, ஒட்டிச் சேர்க்க வேண்டும்.

“இதுவும் விளையாட்டுச் சாமான்தானே?” என்றார் அவர். சிகிச்சையாளர் சொன்ன விடை எங்களுக்கும் புதிது. பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பிள்ளைக்குரிய இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம். “தேரை உருட்டுறது குழந்தைதான் அண்ணே. ஆனா அந்தத் தேரைச் செஞ்சு கொடுக்கப் பெரியவங்க கை வேணும்” என்றார். பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார்.

ஒடிந்த மட்கார்டு

முதல் இரண்டு வாரங்கள், பெட்டியிலிருந்த விளக்கத்தாளில் உள்ளவாறே செய்தார். மூன்றாம் வாரத்தில் முன்பக்க மட்கார்டு அவர் விரலுக்கிடையே ஒடிந்தது. மோதிர விரலின் நுனியில் அப்போது உணர்ச்சி திரும்பவில்லை. இணைக்கப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்னும் வேகத்தில்தான் வளரும். உள்ளங்கையிலிருந்து விரல்நுனியை அடைய அதற்கு மாதங்கள் ஆகும். உணர்ச்சியில்லாத விரலுக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. ஒடிந்த துண்டுகளைப் பெட்டியில் போட்டு எங்கள் மேசைமேல் வைத்துவிட்டு, “இதுவும் போச்சு” என்றார்.

மட்கார்டு இல்லாமலே இந்தக் காரைச் செய்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று சிகிச்சையாளர் அப்போது சொன்னார். அவ்வகை வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். அன்று மாலை, அவருடன் சேர்ந்து நாங்களும் அதைப் பற்றித் தெரிந்துகொண்டோம்.

1932-ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் எளிய மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் என்ஜினுடன் ஒரு காரை வெளியிட்டது. அதன் திறன் 65 குதிரைத்திறன். இரண்டில் முடியும் ஆண்டைக் குறிக்கும் வகையில் அந்தக் காரை ‘டியூஸ்’ என்று செல்லமாக அழைத்தனர். சில ஆண்டுகளில் அவை பழைய கார்களாகி மலிவாகக் கிடைத்தன. தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கி, வேகத்துக்குத் தேவையில்லாத அனைத்தையும் கழற்றினர். மட்கார்டு போயிற்று, பம்பர் போயிற்று, பானெட்டின் பக்கத் தகடுகளும் போயின. காற்றுத் தடையைக் குறைக்கக் கூரையை அறுத்துத் தாழ்த்தினர். மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் அவற்றை ஓட்டிப் போட்டியிட்டனர். போட்டிகளை ஒழுங்குபடுத்த 1937-ஆம் ஆண்டு ஒரு சங்கமே தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஆர்வம் நாடெங்கும் பரவியது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்னும் பெயரிலேயே ஓர் இதழ் வெளிவந்தது.

வீட்டுக் கொட்டகையில் வண்டியை அறுக்க வசதியில்லாத சிறுவர்களுக்கு, பிளாஸ்டிக் மாதிரிகள் அந்த வாய்ப்பைத் தந்தன. ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனம் 1958-ஆம் ஆண்டு முதல், ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யத்தக்க கார் மாதிரிகளை விற்றது. ஆலையிலிருந்து வந்தவாறே செய்யலாம், விருப்பப்படி மாற்றியமைக்கலாம், பந்தய வண்டியாகவும் ஆக்கலாம். பெட்டியிலுள்ள விளக்கத்தாள் ஒன்றே வழியன்று என்னும் எண்ணம் இந்தப் பொழுதுபோக்கில் அன்றே வேரூன்றிவிட்டது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியுமன்று. சென்னையில் 1953-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. சாதாரணக் கார்களைப் பிரித்து, எடையைக் குறைத்து, கிடைத்த உறுப்புகளைக் கொண்டு பந்தய வண்டி அமைத்தவர்கள் அங்கும் இருந்தனர். பின்னர் 1990-ஆம் ஆண்டு அப்பந்தயங்களுக்கென நிலையான களம் அமைந்த இடம், நம் மருத்துவமனைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைதான். அவர் அந்தக் களத்தைத் தெரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ஜின் ஓசை சாலை வரை கேட்குமாம்.

ஒடிந்த மட்கார்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது. மற்ற மூன்று மட்கார்டுகளையும் அவரே வெட்டியெடுத்தார்.

மூன்று மில்லிமீட்டர்

அடுத்த முறை வந்தபோது, கூரையையும் தாழ்த்தப்போவதாகச் சொன்னார். உண்மைக் காரில் கூரையை மூன்று அங்குலம் குறைப்பது ஒரு வழக்கம். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அது மூன்று மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணாடிச் சட்டங்களின் மேலும் கீழும் மெல்லிய டேப்பை ஒட்டிக் கோடு அமைத்து, நுண்பல் ரம்பத்தால் அறுத்து, இடைப்பட்ட மூன்று மில்லிமீட்டரை நீக்கிவிட்டு, கூரையை மீண்டும் பொருத்த வேண்டும். எளிதாகத்தான் எங்களுக்குத் தோன்றியது.

“பொருந்தாது சார்” என்றார் அவர். முன்கண்ணாடியின் இரு தூண்களும் செங்குத்தானவையல்ல, பின்னோக்கிச் சாய்ந்தவை. சாய்ந்த தூணில் நடுத்துண்டை நீக்கினால், மேல்முனையும் கீழ்முனையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து அமையா. பின்தூணைப் பொருத்தினால் முன்தூண் தவறும். ஆகவே கூரையையே குறுக்கே இரண்டாக அறுத்து, இடையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சேர்த்து நீட்ட வேண்டும். பின்னர் பட்டி பார்த்துத் தேய்த்தால் இணைப்புத் தெரியாது. தகடு வார்க்கும் வேலையில் கற்ற கணக்கு அது.

இதை விளக்கும்போது அவர் காரை இடக்கையில் பிடித்திருந்தார். தூணின் சாய்வை வலக்கையால், எஞ்சிய ஆள்காட்டி விரலால், தொட்டுக் காட்டினார். கைக்குட்டை மேசைமேல் கிடந்தது. ஐந்து மாதங்களில் கேட்காமலே அவர் அந்தக் கையை நீட்டியது அன்றுதான். நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. தூணின் கோணத்தைப் பற்றி மேலும் இரண்டு கேள்விகள் கேட்டோம்.

வேலையின் ஒவ்வொரு படியும் கைக்கு ஒரு பயிற்சி

மருத்துவர்கள் ஏன் இதில் அக்கறை கொள்கிறோம் என்பதை இங்கே விளக்க வேண்டும். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசைகள் இல்லை. அத்தசைகள் முன்கையில் உள்ளன. நீண்ட நாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. காயத்துக்குப் பின் அந்த நாண்கள் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். அளவான, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவே அவற்றை விடுவிக்கும். கார் மாதிரி செய்யும் வேலை அவ்வகை அசைவுகளைத் தானாகவே கேட்டு வாங்குகிறது.

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும் கட்டிங் பிளேயர், முழுக் கைப்பிடியின் வலுவைக் கூட்டுகிறது. சாமணத்தால் சிறு பாகத்தை எடுத்து வைப்பது, கட்டைவிரலும் பிற விரல்களும் எதிரெதிரே சேரும் நுண்பிடியைப் பழக்குகிறது. பசை காயும்வரை துணி கிளிப்பால் பிடித்து வைக்கும்போது, முன்பு அவர் சலித்துக்கொண்ட அதே கிளிப் பயிற்சி, கேட்பாரின்றி இருபது முறை நடந்துவிடுகிறது. வண்ணக் குப்பியின் மூடியைத் திறப்பது மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் பயிற்சி. என்ஜினில் மெல்லிய செப்புக் கம்பிகளைச் செருகுவது கண்ணும் விரலும் ஒத்துழைக்கும் பயிற்சி. பானெட்டின் பக்கத் தகடுகள் இல்லாததால் ஹாட் ராடின் என்ஜின் வெளியே தெரியும். ஆகவே அதில் எட்டுக் கம்பிகளும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார்.

உப்புத்தாளின் பயன் தனித்துச் சொல்லத்தக்கது. விரல் துண்டிக்கப்பட்ட முனையில் துணி பட்டாலும் கூசும். சிலருக்கு மின்சாரம் பாய்வது போலிருக்கும். இதைத் தணிக்க, மென்மையான பஞ்சிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சொரசொரப்பான பொருள்களைத் தொட்டுப் பழக்குவது எங்கள் சிகிச்சைமுறைகளுள் ஒன்று. பட்டி பார்த்த கூரையைத் தேய்க்கக் கரடுமுரடான தாளில் தொடங்கி 400, 600, 1000 என நயமான தாளுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் பரப்பை விரல்முனையால் தடவிப் பார்க்க வேண்டும். கூச்சம் எப்போது குறைந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

எங்கள் தவறு

இக்கதையில் எங்கள் பக்கம் நேர்ந்த ஒரு பிழையை மறைத்தால், இக்கட்டுரையால் தீங்கே விளையும். ஒரு நாள் கண்ணாடிச் சட்டத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, சாம்பல்நிறப் பிரைமர்மேல் சிவப்புத் துளியொன்று விழுந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவர் சிறிது நேரம் தேடினார். பிளேடு மோதிர விரல்நுனியைக் கீறியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. நுண்ணிழை கொண்டு விரல்நுனி உணர்ச்சியைச் சோதிக்கும் எளிய பரிசோதனையை நாங்கள் அந்த மாதம் மீண்டும் செய்யாமல் பிளேடைக் கையில் கொடுத்திருந்தோம். காயம் சிறியது, ஆறிவிட்டது. ஆயினும் ஆழமாகியிருந்தால் இணைத்த நாணே பாதிக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பாடம் தமிழகத்தில் வெகு காலத்துக்கு முன்பே கற்கப்பட்டது. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவர். மருத்துவம் பயிலும் முன் தச்சும் கட்டட வேலையும் கற்றவரும்கூட. ஒருமுறை துருப்பிடித்த பூட்டைத் திறக்க இயலாமல் அவர் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் எளிதில் சாவியைத் திருப்பிவிட்டான். பிறகு பார்த்தால், சிறுவனின் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவனுக்கு வலி தெரியவில்லை. தொழுநோயாளரின் விரல்களை நோய் நேரடியாகத் தின்றுவிடுவதில்லை. வலி தெரியாததால் நேரும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்னும் அவருடைய கருத்துக்கு இத்தகைய நிகழ்ச்சிகள் வலுச்சேர்த்தன.

அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் தொழில் பழகுவதற்காக அவர் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பை அமைத்தார். அங்கிருந்த தச்சுப் பட்டறையில் நோயாளிகள் மர விளையாட்டுப் பொருள்களைச் செய்தனர். கருவிகளால் காயம் நேராதவாறு, ஒவ்வொரு நாளும் கைகளைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் அங்கே வழக்கமாயிற்று. பின்னாளில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறையும், ஆலைத் தொழிலாளர் பலரின் கைகளை மீட்டுத் தந்தது. பொம்மை செய்வதைக் கைச் சிகிச்சையாகக் கொள்வது, ஆகவே, எங்கள் கண்டுபிடிப்பன்று. முன்னோர் கற்ற பாடத்தை நாங்கள் ஒருமுறை மறந்தோம் என்பதே உண்மை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

அவர் மனைவி தொடக்கத்தில், மூடியைத் திறந்து கொடுப்பார். சிறு பாகத்தை எடுத்து நீட்டுவார். அன்பினால் செய்வதுதான். கணவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஆயினும் நீங்கள் திறந்து கொடுக்கும் ஒவ்வொரு மூடியும், அந்தக் கை இழக்கும் ஒரு பயிற்சி. அருகில் அமருங்கள்; கேட்டால் மட்டும் உதவுங்கள். கீழே விழுந்த பாகத்தைத் தேடிக் கொடுக்கலாம். ஒட்டித் தர வேண்டாம். அவருடைய எட்டு வயது மகள் இதைத் தாயைவிட விரைவில் புரிந்துகொண்டாள். சக்கரங்களுக்குச் சிவப்பு வண்ணம் வேண்டும் என்று சொன்னதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

வெளிநாட்டு மாதிரிகளின் விலை கூடுதல் என்பதை அறிவோம். அவையே வேண்டுமென்பதில்லை. திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் காரையும் அறுத்து மாற்றலாம், அட்டையிலும் செய்யலாம். கூரையைத் தாழ்த்தியதால் பெட்டியிலிருந்த கண்ணாடி பொருந்தாமல் போனபோது, சட்டைப் பெட்டியின் ஒளிபுகும் மூடியை வெட்டித்தான் அவர் புதிய கண்ணாடி செய்தார். காரே வேண்டுமென்பதுமில்லை. மின்னணு ஆலையில் பணிபுரிந்த ஒரு பெண்ணுக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. அவர் மல்லிகை தொடுத்தே விரல்களை மீட்டார். தமக்கு எது பொருளுள்ள வேலையோ, கை அதற்கே உழைக்கும்.

கவனிக்க வேண்டியவை

உங்கள் மருத்துவரும் சிகிச்சையாளரும் இசைவு தந்த பின்னரே தொடங்குங்கள். இணைக்கப்பட்ட தசைநாண் முழு வலுவைத் தாங்கப் பொதுவாகப் பன்னிரண்டு வாரங்கள் தேவை. ஆறாத புண் இருந்தால் காத்திருங்கள்.

ஒரு வேளைக்கு பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் போதும். வேலை முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் வலியோ வீக்கமோ நீடித்தால், அன்று செய்தது அதிகம் என்று பொருள், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் பிளேடைத் தவிர்த்து உப்புத்தாளையும் கட்டிங் பிளேயரையும் பயன்படுத்துங்கள். நீண்ட நாள் நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும்.

இவ்வகைப் பசை பிளாஸ்டிக்கைச் சற்றுக் கரைத்து இணைப்பது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி அருகில் வேண்டாம். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இருக்கும் வீட்டில் ஸ்பிரே பெயிண்டைத் தவிர்த்து, தண்ணீரில் கரையும் வண்ணத்தைத் தூரிகையால் பூசுங்கள். உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது.

உடனே ஒட்டும் பசையால் விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவையுங்கள். கண்ணில் பட்டால் நீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பசையும் பிளேடும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கார் முடிந்த பிறகு

அந்தக் கார் முடிய ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம், சிவப்புச் சக்கரங்கள், முன்னே சிறிய டயர், பின்னே பெரிய டயர், தாழ்ந்த கூரை. கூரையில் சேர்த்த பட்டை எங்கே இருக்கிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இழந்த விரல்களுக்கு இது ஈடாகும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். காரிலிருந்து மட்கார்டை நீக்குவது ஒருவர் விரும்பிச் செய்வது. விரலை இழப்பதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. குளிர்சாதன அறையில் இன்றும் அவருக்கு விரல்முனைகள் வலிக்கின்றன. பிரஸ் எந்திரத்துக்கு அவர் திரும்பவில்லை; திரும்ப விரும்பவுமில்லை. அதே ஆலையில் தகடுகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இப்போது பணியாற்றுகிறார். கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளங்களை உள்ளங்கையால் தடவிக் கண்டுபிடிப்பது அங்கே வேலையின் ஒரு பகுதி. மிகைநேர ஊதியம் குறைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, கைப்பிடி வலுவை அளந்து குறித்துக்கொண்டோம். முன்னேற்றம் உண்டு. அவர் வெளியே சென்றதும், அவர் மனைவி ஒரு நொடி பின்தங்கி நின்றார். உறவினர் வீட்டுத் திருமணத்தில் இருவரும் பந்தியில் அமர்ந்ததாகச் சொன்னார். கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் சிறுவிரலாலும் சாம்பார் சோற்றைப் பிசைந்து உண்டாராம். ரசத்துக்கு மட்டும் சற்றுத் தடுமாறினாராம்.

அந்தச் செய்தியையும் நாங்கள் அவருடைய மருத்துவக் கோப்பில் குறித்து வைத்துள்ளோம்.